கிண்ணத்தில் கலந்த கசப்பு
ஜின் பானமும் மலாயாத் தமிழர் தோட்டமும்

பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், தனக்குப் பெயர் தந்த குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளது புக்கிட் மெர்தாஜாம் என்னும் ஊர். அதன் அருகிலுள்ள சிரோக் தொக்குன் என்னுமிடத்துப் பாறையில் பல்லவ எழுத்தை ஒத்த வரிவடிவில் வடமொழிச் சாசனம் ஒன்று காணப்படுகிறது. 1845-ஆம் ஆண்டில் கர்னல் ஜேம்ஸ் லோ அதனை உலகுக்கு அறிவித்தார். இவ்வட்டாரத்தின் பழமையை ஆராய்வோர் முதலில் நாடுவது அப்பாறையையே. ஆயினும், அதற்குப் பன்னூறாண்டு பிற்பட்ட மற்றொரு வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. அது தோட்டத் துரையின் பங்களாத் தாழ்வாரத்தில், மாலை ஆறு மணிக்கு நீட்டப்பட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அடங்கியிருப்பது.

அக்கிண்ணத்தில் இருந்தது ஜின். அதனுடன் கசப்புச் சாறோ, கொயினா கலந்த சோடாவோ, எலுமிச்சைச் சாறோ சேர்க்கப்பட்டிருக்கும். இன்று நகரத்து இல்லங்களில் இளைஞர் விருந்துநாளில் கலந்து பருகும் ‘கிளாசிக் காக்டெயில்’ வகைகளிற் பல இப்பானத்தின் வழிவந்தவையே. இவற்றின் சேர்க்கைப் பொருள்கள் ஒவ்வொன்றையும் அதனதன் ஊருக்குத் தொடர்ந்து சென்றால், வழிகளிற் சில நீலகிரிக்கும், சில தோட்டத்து லயங்களுக்கும் சென்று சேர்வதைக் காணலாம்.

ஜின் பிறந்த கதை

ஜின் என்னும் சொல், ஒல்லாந்தரின் ‘யெனேவர்’ என்னும் சொல்லின் குறுக்கம். அதன் மூலம், ஜூனிபர் என்னும் ஊசியிலைச் செடியைக் குறிக்கும் இலத்தீன் பெயர். தானியத்திலிருந்து வடித்த சாராயத்தில் அச்செடியின் காயை ஊறவைத்து மீண்டும் வடிப்பதே ஜின் செய்யும் முறை. ஒல்லாந்தில் மருந்தாகவும் மதுவாகவும் வழங்கிய இப்பானம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பரவிற்று. அடுத்த நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் ஏழை மக்கள் மலிவான ஜின்னால் சீரழிந்தனர். 1736, 1751 ஆகிய ஆண்டுகளில் பாராளுமன்றம் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. ஓவியர் ஹோகார்த் ‘ஜின் சந்து’ என்னும் புகழ்பெற்ற சித்திரத்தை வெளியிட்டதும் 1751-இல்தான்.

1830-இல் ஈனியாஸ் காஃபி என்பவர் தொடர்ந்து வடிக்கும் வாலைக்கு உரிமை பெற்றபின், கலப்பற்ற தூய சாராயம் எளிதிற் கிடைத்தது. இனிப்புச் சேர்த்துக் கரகரப்பை மறைக்க வேண்டிய தேவை குறைந்தது; ‘உலர்ந்த ஜின்’ என்னும் இனிப்பற்ற வகை தோன்றியது. அதற்கு மணமூட்டும் பொருள்களுள் ஜூனிபர் ஒழிந்த பிறவற்றிற் சில தமிழர் அடுக்களைக்கு அயலானவை அல்ல. கொத்தமல்லி விதை இரண்டாம் இடம் பெறுகிறது; பட்டையும் ஏலமும் பல வகைகளிற் சேர்கின்றன. கீழ்த்திசைச் சரக்கு மேனாட்டு வாலையில் ஏறி, மீண்டும் கீழ்த்திசைக்கே புட்டியில் வந்து விலைபோயிற்று.

பாஹிட் என்னும் பானம்

பாஹிட் என்பது கசப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘ஜின் பாஹிட்’ என்பது மலாயாத் துரைமார் பகலுணவுக்கும் இரவுணவுக்கும் முன்னர்ப் பருகிய பானம். விஸ்கியும் சோடாவும் சேர்ந்த ‘ஸ்தெங்கா’ என்பதும் அவ்வாறே மலாய்ப் பெயர் பெற்றது. பாதி என்பது அதன் பொருள். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1921-லும் 1925-லும் இந்நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்து எழுதிய கதைகளில் துரைமார் ஜின் பாஹிட் அருந்துவது வழக்கமான காட்சி.

இதிற் கலந்த கசப்பு அங்கஸ்துரா எனப்படும் சாறு. பொலிவாரின் படையில் மருத்துவராகப் பணியாற்றிய சீகர்ட் என்னும் ஜெர்மானியர், வெனிசுவேலாவின் அங்கஸ்துரா நகரில் 1824-இல் வயிற்றுநோய்க்கு மருந்தாக இதனை ஆக்கினார். பின்னர்த் தொழில் திரினிடாடு தீவுக்கு மாறியது. ஜென்ஷியன் என்னும் வேரே இதன் கசப்புக்குக் காரணம். அங்கஸ்துரா மரப்பட்டை இதில் இல்லை. கப்பற்படை வீரர்கள் கடற்பயணத்து வயிற்றுக் கோளாறுக்காக இதனை ஜின்னிற் கலந்து குடித்தனர். அவ்வழக்கமே துறைமுகம் தோறும் இறங்கி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பாஹிட் ஆயிற்று எனலாம்.

சிங்கோனா நீலகிரிக்கு வந்தது

மற்றொரு கசப்பின் கதை இதனினும் நீண்டது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சாரலில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டில் அறிந்தனர். 1820-இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினா என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். 1854-இல் நைஜர் ஆற்றில் பெய்கி என்பவர் நடத்திய பயணத்தில், குழுவினர் நாள்தோறும் கொயினா உட்கொண்டமையால் காய்ச்சலுக்கு ஒருவரும் பலியாகாது திரும்பினர். வெப்பநாடுகளில் ஆட்சி நிலைபெற இம்மருந்து இன்றியமையாதது என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆகவே, சிங்கோனாவைத் தம் நாடுகளிற் பயிரிட ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் முயன்றனர். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்வித்த செடிகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்தன. உதகை அரசாங்கப் பூங்காவின் தலைவர் மாக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை உருவாக்கினார். 1866 முதல் 1868 வரை சென்னையில் நடந்த மருத்துவச் சோதனைகள், கொயினாவோடு அப்பட்டையின் ஏனைய சத்துக்களும் காய்ச்சலைத் தணிக்க வல்லன என்பதைக் காட்டின. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சலகங்களில் ஒரு பைசாவுக்கு ஒரு பொட்டலம் என்று கொயினா விற்கப்பட்டது.

நடுவட்டத்துத் தோட்டத்திற் பாடுபட்டோருள் சீனக் கைதிகளும் இருந்தனர் என்பது மலேசியத் தமிழர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியிருப்புகளில் தண்டனை பெற்ற சீனர் சிலர் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் சிலரே 1860-களில் நடுவட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். விடுதலை பெற்றபின் ஊர் திரும்பாது அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தோரின் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதியுள்ளார். இதற்கு நேர்மாறாக, இந்தியக் கைதிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே பினாங்கிற்குக் கப்பலேற்றப்பட்டுச் சாலையும் கட்டடமும் அமைத்தனர். ஒரே அரசு, இக்கரைக் கைதியை அக்கரைக்கும் அக்கரைக் கைதியை இக்கரைக்கும் மாற்றி உழைப்பைப் பெற்றது.

இதனிடையே, கொயினாவைச் சோடாவிற் கலந்து குடிக்கும் வழக்கம் தோன்றிற்று. 1858-இல் இலண்டன் நகரத்து எராஸ்மஸ் பாண்டு என்பவர் அத்தகைய பானத்திற்கு உரிமை பெற்றார். 1870-களில் ஷ்வெப்ஸ் நிறுவனம் ‘இந்திய டானிக்’ என்னும் பெயரில் அதனை விற்றது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்த பானத்தைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, 1868-இல் இந்தியாவில் வெளிவந்த விளையாட்டு இதழ் ஒன்றில் உள்ளது. குதிரைப் பந்தயம் முடிந்து கலைந்த கூட்டத்தார் அதனைக் கேட்டுப் பெற்றனர் என்கிறது அக்குறிப்பு. மருத்துவமனையிலோ பாசறையிலோ அன்றிப் பந்தயத் திடலில் இப்பானம் முதலில் தலைகாட்டுவது கருதத்தக்கது. சிங்கப்பூரில் 1883-இல் பிரேசர், நீவ் என்போர் சோடாத் தொழிலைத் தொடங்கியபின் இவ்வகைப் பானங்கள் மலாயாவிலேயே ஆக்கப்பட்டன.

காய்ச்சலைத் தடுத்தது எது?

‘டானிக் கலந்த ஜின் துரைமாரை மலேரியாவிலிருந்து காத்தது’ என்னும் கூற்று இன்றும் பலராற் சொல்லப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது நிலைபெறாது. காய்ச்சல் வாராமல் தடுக்க அக்காலத்தில் நாளொன்றுக்கு 5 கிரெயின், அதாவது ஏறத்தாழ 325 மில்லிகிராம் கொயினா கொடுப்பது வழக்கம். இன்று அமெரிக்காவில் டானிக் பானத்திற்கு இசைவளிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 83 மில்லிகிராம். இவ்வளவின்படி, தடுப்புக்கே நாள்தோறும் 4 லிட்டர் குடிக்க வேண்டும். வந்த காய்ச்சலைத் தீர்க்கப் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 1,800 மில்லிகிராம் வேண்டும். அதற்கு 20 லிட்டருக்கு மேல் ஆகும். முற்காலப் பானத்தில் கொயினா இருமடங்கு இருந்ததெனக் கொண்டாலும், மாலையிற் பருகும் இரண்டு கிண்ணம் மருந்தாகாது. கொயினாவைத் தூளாகவும் வில்லையாகவும் தனியே உண்டவர்களே அதன் பயனைப் பெற்றனர்.

பெருநிலத்தில் நிலைமை எவ்வாறு இருந்தது? 1786-இல் பினாங்கிற் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794-இல் மலேரியாவால் மாண்டார். 1800-இல் கெடா சுல்தான் விட்டுக்கொடுத்த கரைப்பகுதி வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றது. புக்கிட் மெர்தாஜாம் அதன் நடுவில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குப் பெருகிய கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் வந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினர். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்படும் வரை கடனுக்கும் தண்டனைக்கும் அஞ்சி உழைத்தனர்.

1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புநிலத்து நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால், மலைப்புறத் தோட்டங்களில் அம்முறை பலிக்கவில்லை. காட்டை அழித்ததும் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் மாக்குலேட்டஸ் என்னும் கொசுவினம் பெருகியதே அதற்குக் காரணம் என்று அவர் கண்டறிந்தார். அவ்வாண்டுகளில் சில மலைப்புறத் தோட்டங்களில் ஓராண்டிற்குள் ஆயிரம் உழைப்பாளருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துரையின் பங்களா மேட்டின் உச்சியில் இருந்தது. லயங்கள் தண்ணீர் வசதி கருதிப் பள்ளத்தில், ஓடையை ஒட்டிக் கட்டப்பட்டன. கொசுவுக்கு எட்டாதவாறு துரையைக் காத்தவை மேட்டுநிலமும் வலையும் கம்பித்திரையுமே. கிண்ணத்திலிருந்த கசப்புக்கு அதிற் பங்கு சிறிது.

லயத்து மக்களுக்கும் கொயினா வந்தது. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாய் நிறுத்தி, மருந்துக்காரர் ஒவ்வொருவர் வாயிலும் கொயினா நீரை ஊற்றுவார். விழுங்கினார்களா என்பதையும் பார்ப்பார். காதடைப்பும் தலைச்சுற்றலும் தருவதால் பலர் அதனை அஞ்சினர். பனிக்கட்டியும் சர்க்கரையும் எலுமிச்சையும் கசப்பை மறைக்கத் துரைக்குக் கிடைத்தன. உழைப்பாளிக்குக் கிடைத்தது வெறுங்கசப்பு.

லயத்திற் கள், பங்களாவில் ஜின்

உழைப்பாளிக்கு உரிய மது கள். தோட்டத்தினுள்ளேயே கள்ளுக்கடை வைக்க இசைவு அளிக்கப்பட்டது. கள் இல்லையேல் உழைப்பாளர் வெளியே சென்று சம்சு என்னும் கொடிய சாராயத்தை நாடுவர் என்பது நிர்வாகத்தார் சொன்ன காரணம். கூலியிற் பெரும்பங்கு மீண்டும் தோட்டத்திற்கே திரும்பியது என்பது உழைப்பாளர் கண்ட உண்மை.

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் தலைமையில் உழைப்பாளர் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வும் மருத்துவ வசதியும் இருந்தன. துரைக்கு முன்னால் மிதிவண்டியினின்று இறங்காது செல்லும் உரிமையும் இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இவற்றோடு சேர்ந்ததே. குடியைத் தன்மானத்தோடும் கூலியோடும் ஒன்றாக வைத்து எண்ணிய இம்மக்களின் அறிவு போற்றத்தக்கது. போருக்குப்பின் கெடாவிலும் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல்கள் நிகழ்ந்தன. புக்கிட் மெர்தாஜாமுக்கு வடக்கே அமைந்த வட்டாரமே அது.

இவ்விரு மரபுகளும் சொல்லளவில் ஒன்றுகூடுவது வியப்பு. பனங்கள்ளைக் குறிக்கும் ‘தாடி’ என்னும் வடஇந்தியச் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘டாடி’ ஆகி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சர்க்கரை கலந்த மதுவின் பெயராயிற்று. 1862-இல் அமெரிக்கர் ஜெரி தாமஸ் வெளியிட்ட மதுக்கலவை நூலில் ‘ஜின் டாடி’ உண்டு. அதன்மேல் சிறிது ஜாதிக்காயைச் சுரண்டித் தூவினால் ‘ஜின் சிலிங்’ என்கிறது அந்நூல். ஜாதிக்காயோ பினாங்கின் பெருமை. கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொணர்ந்து நட்டது. 1860-ஐ ஒட்டி நோயால் பெரிதும் அழிந்தும், இன்றளவும் பாலிக் புலாவ் பகுதியில் தழைப்பது. சிங்கப்பூர் ராபிள்ஸ் ஓட்டலில் ஙியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர் ஆக்கியதாகச் சொல்லப்படும் ‘சிங்கப்பூர் சிலிங்’ இவ்வகையின் பிற்கால வழித்தோன்றல்.

வீட்டிற் கலக்கும் முறை

இப்பானங்களின் பழைய வடிவங்கள் மிக எளியவை. வீட்டில் உள்ள கிண்ணமும் கரண்டியுமே போதும். ஜின் பாஹிட்டுக்கு, குளிர்ந்த கிண்ணத்தில் நாலைந்து துளி அங்கஸ்துராவை விட்டுச் சுழற்றி, ஒட்டியது போக எஞ்சியதைக் கொட்டிவிட்டு, 45 மில்லிலிட்டர் ஜின் ஊற்றுவர். விரும்பினால் அதே அளவு குளிர்நீர் சேர்ப்பர். டானிக் கலவைக்கு, உயரமான கிண்ணம் நிறையப் பனிக்கட்டி இட்டு, ஒரு பங்கு ஜின்னுக்கு மூன்று பங்கு டானிக் வார்த்து, எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து போடுவர். பனிக்கட்டி குறைந்தால் அது விரைவிற் கரைந்து பானம் நீர்த்துப்போகும். ஆகையால் நிறைய இடுவதே முறை.

‘கிம்லெட்’ என்பது ஜின்னும் எலுமிச்சைச் சர்பத்தும் சேர்ந்தது. 1867-இல் லாக்லன் ரோஸ் என்பவர் மது சேராமல், சர்க்கரையால் எலுமிச்சைச் சாற்றைக் கெடாது காக்கும் முறைக்கு உரிமை பெற்றார். கடலோடிகளின் பல்லீறு நோய்க்கு மருந்தான சாறு அவ்வாறு சர்பத்தாயிற்று. வீட்டில் எலுமிச்சையின் பச்சைத்தோலைச் சர்க்கரையிற் பிசறி ஓரிரவு வைத்து, மறுநாள் சாறு சேர்த்துக் கரைத்து வடிகட்டினால் நல்ல சர்பத்து கிடைக்கும். நான்கு பங்கு ஜின்னுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். சிலிங் செய்ய, ஒரு தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிது நீரிற் கரைத்து, 60 மில்லிலிட்டர் ஜின்னும் அதே அளவு நீரும் ஒரு பனிக்கட்டியும் சேர்த்து, மேலே ஜாதிக்காயைச் சுரண்டுவர். ஜாதிக்காய் மிகுந்தால் தீங்கு விளையும். நுனிவிரல் அளவே நன்று.

வீட்டிற் கலப்பது வேறு. வீட்டில் வடிப்பது வேறு. பின்னது சட்டத்திற்கும் உயிருக்கும் பகை. 2018-இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டதை நாடு மறந்துவிடவில்லை. மலேசியாவில் 2017 முதல் 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றல் குற்றம். கொயினா ஒவ்வாதவரும் கருவுற்ற பெண்டிரும் டானிக் கலவையைத் தவிர்க்க வேண்டும். ஜின்னை நீக்கி, டானிக்கும் எலுமிச்சையும் மட்டும் கலந்தாலும் பழைய பானத்தின் சுவையிற் பாதி கிட்டும்.

கசப்பின் முடிவு

இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகக் கொயினாவிற் பத்தில் ஒன்பது பங்கு ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலை தொடங்கிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் இரையாயினர். கொயினா கையிருப்பில் இருந்த கைகளுக்கு அவர்களின் உயிர் பொருட்டாகத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் பெரட்டில் வாயில் ஊற்றும்போது முகம் சுளித்த அதே கசப்பு, அக்காட்டில் ஒரு வில்லை கிடைத்திருப்பின் உயிர்தந்த அமுதமாயிருக்கும்.

மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டிற் பரவும் மனித மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் ஒருவகை மட்டுமே எஞ்சியுள்ளது. நடுவட்டத்துப் பழைய சிறைக்கட்டடம் இன்றும் நிற்கிறது. கரும்புத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் பெரும்பாலும் மறைந்து, புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் வீடுகளும் எழுந்துள்ளன. அவ்வீடுகளில், லயத்தில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் தம் உழைப்பின் ஊதியத்தில் வாங்கிய கிண்ணத்தில் பனிக்கட்டி இட்டு டானிக் ஊற்றுகின்றனர். பாட்டன் வாயில் வலிந்து ஊற்றப்பட்ட கசப்பைப் பேரன் தன் விருப்பால், தன் அளவால், பருகவோ மறுக்கவோ செய்கிறான். ஒரு நூற்றாண்டில் விளைந்த இம்மாற்றத்தை அளக்க அக்கிண்ணமே போதிய அளவுகோல்.